நட்டத்தை யார் ஏற்பது?

1933 ஜனவரி 30, திங்கட்கிழமை. பெர்லினில் முற்பகல் வேளையில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், அடோல்ஃப் ஹிட்லரைச் சான்சலராகப் பதவியேற்க வைத்தார். அதே நாள் பொழுது விடியுமுன், கோபன்ஹேகனில் கான்ஸ்லர்கேட் என்ற தெருவில், டென்மார்க் பிரதமர் தோர்வால் ஸ்டௌனிங்கின் குடியிருப்பில், இரவெல்லாம் இழுத்த ஒரு பேரம் படிந்தது. ஒரு பக்கம் தொழிலாளர்களின் கட்சியான சமூக ஜனநாயகவாதிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும். மறுபக்கம் விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ட்ரே. கொள்கையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரு நாடுகளையும் பிடித்திருந்தது ஒரே நெருக்கடிதான். விளைபொருள் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. ஜெர்மனியில் 1932 தொடக்கத்தில் பதிவான வேலையற்றோர் மட்டும் 60 லட்சம் பேர். டென்மார்க்கில் அந்தக் குளிர்காலத்தில், வேலையின்மைக் காப்பீடு பெற்றிருந்த தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை இழந்திருந்தனர். முதலாளித்துவம் தன் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று இரு தலைநகரங்களிலும் பலர் நம்பினார்கள். ஆனால் ஒரே நாளில் ஒரு நாடு பன்னிரண்டு ஆண்டுப் பேரழிவுக்கும், மற்றது பிற்காலத்தில் உலகமே எட்டிப் பார்த்த நலவாழ்வு அரசுக்கும் அடியெடுத்து வைத்தன.

முதலாளித்துவ சமூகங்கள் நொறுங்கப்போகின்றனவா, எதேச்சாதிகாரத்தில் போய் முடியுமா என்ற கேள்வி 2008க்குப் பிறகு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் வூல்ஃப்காங் ஸ்ட்ரீக் 2016இல், முதலாளித்துவம் எப்படி முடியும் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து நூல் எழுதினார். கேள்வி இரண்டு வாசல்களை மட்டுமே காட்டுகிறது. கடந்த நூறாண்டு வரலாறோ, நெருக்கடி வந்தபோது நாடுகள் பல வாசல்கள் வழியாகப் போனதைக் காட்டுகிறது. எந்த வாசல் என்பதைத் தீர்மானித்தது நெருக்கடியின் ஆழம் அல்ல. வந்த நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கை எந்த மன்றத்தில், யார் யாரோடு உட்கார்ந்து தீர்த்துக்கொண்டார்கள் என்பதுதான்.

தவறிப்போன ஆரூடம்

முதலாளித்துவம் தன் பாரத்தாலேயே இடிந்து விழும் என்ற கருத்துக்கு வயது அதிகம். 1899இல் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன் அதை மறுத்து எழுதியபோது ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சிக்குள் பெரும் சர்ச்சை வெடித்தது. 1913இல் ரோசா லக்சம்பர்க், மூலதனம் விரிந்து பரவ முதலாளித்துவம் தீண்டாத நிலப்பரப்புகள் தேவை, அவை தீரும்போது அமைப்பும் எல்லையை முட்டும் என்று வாதிட்டார். 1929இல் லைப்சிக் நகரில் ஹென்ரிக் குரோஸ்மான், அமைப்பு ஏன் தகர்ந்தே தீரும் என்பதற்கான கணக்கையே நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்த்திருக்காது.

இந்த ஆரூடம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்திருந்தால் பாதகமில்லை. அது கட்சிகளின் நடத்தையையே வடிவமைத்தது. 1928இல் கம்யூனிஸ்ட் அகிலம், முதலாளித்துவம் இறுதி நெருக்கடிக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டதாக அறிவித்தது. முடிவு நெருங்கிவிட்டது என்றால் அதைத் தள்ளிப்போடுகிறவர்களே முதல் எதிரி. ஆகவே ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளைச் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று முத்திரை குத்தினார்கள். 1932 நவம்பர் தேர்தலில் இந்த இரு தொழிலாளர் கட்சிகளுக்கும் கிடைத்த இடங்கள் 121, 100. நாஜிகளுக்கு 196. கூட்டிப் பார்த்தால் தொழிலாளர் கட்சிகளே அதிகம். ஆனால் கூட்டிப் பார்க்க இரண்டுமே தயாராக இல்லை.

மறுபக்கமும் அதே மயக்கத்தில் கட்டுண்டிருந்தது. 1931 ஜூனில் லைப்சிக் மாநாட்டில் தொழிற்சங்கத் தலைவர் ஃப்ரிட்ஸ் டார்னோ, சமூக ஜனநாயகவாதிகளின் சங்கடத்தைப் பச்சையாகவே போட்டு உடைத்தார்: முதலாளித்துவத்தின் நோய்ப்படுக்கை அருகே நிற்கும் தாங்கள், நோயாளியைப் பிழைக்கவைக்க வந்த மருத்துவரா, சொத்துக்காகக் காத்திருக்கும் வாரிசா? டார்னோ மருத்துவர் பக்கம். 1932இல் அவரும் பொருளாதார அறிஞர் வொய்டின்ஸ்கியும் பாடேயும் சேர்ந்து, அரசு கடன் வாங்கிப் பொதுப்பணிகள் மூலம் 10 லட்சம் பேருக்கு வேலை தரும் திட்டமொன்றைத் தீட்டினார்கள். தொழிற்சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. கட்சியின் பொருளாதார மூளையான ஹில்ஃபர்டிங், பணவீக்கம் வந்துவிடும் என்று அஞ்சி எதிர்த்தார். திட்டம் காகிதத்தில் தங்கிவிட்டது.

ஜெர்மனியில் நடந்தது என்ன?

பெட்டி பெட்டியாக நோட்டுக் கட்டுகளைச் சுமந்து ரொட்டி வாங்கப் போன ஜெர்மானியர்களின் படத்தைப் பார்க்காதவர் இல்லை. அந்தப் பணவீக்கம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்பது பரவலான நம்பிக்கை. கால வரிசை அதற்கு ஒத்துவரவில்லை. பணவீக்கத்தின் உச்சம் 1923. அந்த நவம்பரில் மூனிக்கில் ஹிட்லர் நடத்திய கலகம் ஒரே நாளில் முறியடிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928 தேர்தலில், நாஜிகள் வாங்கிய வாக்கு 2.6 சதவீதம். அவர்களைத் தூக்கிவிட்டது 1930க்குப் பிறகு வந்த பணவாட்டம்: விலை, கூலி, வேலை, உதவித்தொகை எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கிய காலம்.

முதல் விரிசல் ஒரு சிறு தொகையில் விழுந்தது. 1930 மார்ச்சில் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்தலாமா என்ற தகராறில் சான்சலர் ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி கவிழ்ந்தது. தொழிலதிபர்களுக்கு நெருக்கமான மக்கள் கட்சி உயர்வை எதிர்த்தது. தொழிற்சங்கங்கள் உதவித்தொகை வெட்டை ஏற்க மறுத்தன. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமார் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்ற கடைசி அரசு அதுதான். நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சு நாடாளுமன்றத்துக்குள் அன்றோடு முறிந்தது.

அடுத்து வந்த ஹைன்ரிஷ் ப்ரூனிங், அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைக் கையிலெடுத்தார். குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு அவசர ஆணை போடலாம். நாடாளுமன்றம் பின்னால் வந்து பார்த்துக்கொள்ளலாம். 1930இல் நாடாளுமன்றம் 98 சட்டங்களை நிறைவேற்றியது, அவசர ஆணைகள் 5. 1931இல் சட்டங்கள் 34, ஆணைகள் 44. 1932இல் சட்டங்கள் 5, ஆணைகள் அறுபதுக்குக் குறையவில்லை. ஹிட்லர் வருமுன்பே ஜெர்மனி நாடாளுமன்றம் இல்லாமல் ஆளப்படப் பழகிவிட்டது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

ஆணைகளில் எழுதப்பட்டிருந்ததும் லேசானதல்ல. 1931 டிசம்பர் 8ஆம் தேதி வந்த ஆணை, கூலிகளை 1927 ஜனவரி நிலைக்கு இறக்கியது. சம்பளம், ஓய்வூதியம், வேலையின்மை உதவி என அடுத்தடுத்து வெட்டு விழுந்தது. ப்ரூனிங்குக்கு வேறு வழி இருந்ததா என்பது வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. போர் இழப்பீடு, தங்கத்தோடு கட்டப்பட்ட நாணயம், திரும்ப அழைக்கப்பட்ட வெளிநாட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து கையைக் கட்டிவிட்டன என்று 1979இல் கூனுட் போர்கார்ட் வாதிட்டார். மறுப்பவர்கள், இழப்பீட்டைக் கட்ட இயலாது என்று உலகுக்கு நிரூபிக்கவே அவர் நாட்டைப் பட்டினி போட்டார் என்கிறார்கள்.

1931 ஜூலை 13ஆம் தேதி டானட் வங்கி கதவை மூடியது. அதன் கடன்களை நம்பியிருந்த நகரங்களில் வருமானம் மற்ற இடங்களைவிட அதிகம் சரிந்ததையும், அங்கெல்லாம் நாஜி வாக்கு கூடுதலாக ஏறியதையும் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் அண்மையில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1930 செப்டம்பரில் 18.3 சதவீதமாக இருந்த நாஜி வாக்கு, 1932 ஜூலையில் 37.3 சதவீதம் ஆனது.

இதுவரை கதை நேர்கோட்டில் போகிறது: நெருக்கடி, சிக்கன வெட்டு, கோபம், தீவிரவாதம். ஆனால் அடுத்த ஆறு மாதங்கள் அந்தக் கோட்டைக் கலைத்துவிடுகின்றன. 1932 கோடையில் உற்பத்தி அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல எழத் தொடங்கியது. போர் இழப்பீடு ஜூலையில் லோசான் மாநாட்டில் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. நவம்பர் தேர்தலில் நாஜிகள் சுமார் 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அதாவது, ஹிட்லர் பதவிக்கு வந்தது நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதும் அல்ல, அவருடைய செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோதும் அல்ல. இரண்டும் இறங்குமுகத்தில் இருந்தபோது ஒரு சிலர் அவரை உள்ளே அழைத்தார்கள்.

அந்தச் சிலர் யார்? பெருந்தொழிலதிபர்கள் மொத்தமாக ஹிட்லரை விலைக்கு வாங்கினார்கள் என்ற பழைய விளக்கத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி ஆஷ்பி டர்னர் 1985இல் ஆவணங்களோடு மறுத்தார். 1933க்கு முன் பெருமுதலாளிகளின் பணத்தில் பெரும்பகுதி மற்ற வலதுசாரிக் கட்சிகளுக்கே போனது. ஆனால் அந்தப் பணம் குடியரசைக் காப்பாற்றவும் போகவில்லை. தொழிற்சங்கத்தையும் நாடாளுமன்றத்தையும் ஒதுக்கிவைத்த ஒரு வலுவான ஆட்சி வேண்டும் என்பதில் தொழிலதிபர், கிழக்குப் பிரஷ்ய நிலப்பிரபு, படைத்தளபதி மூவரும் ஒத்துப்போனார்கள். 1932 ஜூலை 20ஆம் தேதி, ப்ரூனிங்குக்கு அடுத்து வந்த சான்சலர் பாப்பென், பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக அரசை ஓர் ஆணையால் கலைத்தார். 1933 ஜனவரி 4ஆம் தேதி கொலோன் நகரில் வங்கியாளர் கூர்ட் ஃபொன் ஷ்ரோடரின் வீட்டில் பாப்பெனும் ஹிட்லரும் சந்தித்தார்கள். மாத முடிவில் அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூவர் மட்டுமே. மீதிப்பேர் பழைய மேட்டுக்குடியினர். அவரைக் கட்டிப்போட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

பிப்ரவரி 20ஆம் தேதி நாஜி அமைச்சர் கோரிங்கின் இல்லத்தில் இரண்டு டஜன் தொழிலதிபர்கள் கூடினார்கள். வரப்போகும் தேர்தலே நெடுங்காலத்துக்குக் கடைசித் தேர்தல் என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லப்பட்டது. 30 லட்சம் மார்க் தேர்தல் நிதி அங்கே உறுதியானது. ஒரு வாரத்தில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே குடிமை உரிமைகள் ஆணையால் முடக்கப்பட்டன. மார்ச் 23ஆம் தேதி சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லருக்குத் தாரைவார்த்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 சமூக ஜனநாயக உறுப்பினர்கள் மட்டும். கம்யூனிஸ்டுகள் அவைக்குள் வரமுடியாதபடி வேட்டையாடப்பட்டிருந்தார்கள். மே 2ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஷ்லெஸ்விக் பிரதேசம் 1920இல் ஒரு பொதுவாக்கெடுப்பின்படி இரண்டாகப் பிரிந்தது. வடக்கு டென்மார்க்குக்கு, தெற்கு ஜெர்மனிக்கு. மண் ஒன்று, தொழிலும் ஏறத்தாழ ஒன்று: கறவை மாடும் பன்றியும். ஜெர்மன் பக்கத்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் விவசாயிகளின் கிளர்ச்சி 1928லேயே தொடங்கி, வரி அலுவலகங்களில் குண்டு வைக்கும் அளவுக்குப் போனது. 1932 ஜூலைத் தேர்தலில் ஜெர்மனியின் 35 தேர்தல் மாவட்டங்களில் நாஜிகள் பாதிக்கு மேல் வாக்கு பெற்ற ஒரே மாவட்டம் அதுதான்: 51 சதவீதம்.

டென்மார்க் விவசாயிக்கும் கோபம் குறைவில்லை. அவனுடைய வெண்ணெயும் பன்றி இறைச்சியும் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1932இல் ஓட்டாவா உடன்பாட்டின்படி பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளுக்கு முன்னுரிமை தந்தபோது அந்தச் சந்தை சுருங்கியது. நகரத்தில் முதலாளிகள் சங்கம் 20 சதவீதக் கூலிக் குறைப்பு கேட்டு, பிப்ரவரி 1 முதல் ஆலைகளைக் கதவடைக்கப்போவதாக அறிவித்திருந்தது. அரசுக்கு மேலவையில் பெரும்பான்மை இல்லை. ஜெர்மனியில் முல்லர் அரசு கவிழ்ந்த அதே முட்டுச்சந்து.

கான்ஸ்லர்கேட் உடன்பாடு அந்த முட்டுச்சந்தை உடைத்தது. நடப்பிலிருந்த கூலி ஒப்பந்தங்கள் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. கதவடைப்புக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தடை. இது தொழிலாளர் பக்கம் கிடைத்தது. பவுனுக்கு எதிராக டேனிஷ் குரோனின் மதிப்பு குறைக்கப்பட்டது. விவசாயிக்கு ஏற்றுமதி வருமானம் கூடும். பண்ணைக் கடனுக்கும் வரிக்கும் நிவாரணம். குளிர்காலப் பொதுப்பணிகளுக்கு நிதி. இதற்கெல்லாம் கைமாறாக, சமூக அமைச்சர் கார்ல் ஸ்டைன்கே நெடுநாளாகத் தீட்டி வைத்திருந்த சமூகச் சீர்திருத்தத்துக்கு வென்ஸ்ட்ரே வழிவிட்டது. சிதறிக் கிடந்த 55 சட்டங்கள் நான்காகச் சுருங்கின. ஏழைக்கு உதவி என்பது ஊராட்சித் தலைவரின் கருணையைப் பொறுத்ததாக இல்லாமல் சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. ஒவ்வொரு தரப்பும் எதையோ விட்டுக்கொடுத்தது. தொழிற்சங்கம் வேலைநிறுத்த உரிமையை ஓராண்டு இழந்தது. இறக்குமதிப் பொருள் விலையேற்றம் எல்லோர் மேலும் விழுந்தது. தாராளவாதக் கட்சியான வென்ஸ்ட்ரே தன் தாராளவாதத்தையே கொஞ்சம் விழுங்கிக்கொண்டது.

சில மாதங்களில் ஸ்வீடனிலும் அதே மாதிரி ஓர் உடன்பாடு. அங்கே 1931 மே மாதம் ஓடலன் பள்ளத்தாக்கில் வேலைநிறுத்த ஊர்வலத்தின் மேல் ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். 1932 மார்ச்சில் தீக்குச்சித் தொழில் மன்னர் ஐவர் குரூகரின் தற்கொலை, பங்குச் சந்தையையே கவிழ்த்திருந்தது. ரத்தம் சிந்தியாயிற்று, பணமும் போயிற்று. இருந்தும் 1933 மேயில் பெர் ஆல்பின் ஹான்சனின் தொழிலாளர் கட்சி அரசு, விவசாயிகள் கட்சியோடு ஒரு பரிமாற்றத்துக்கு வந்தது: உனக்குப் பண்ணை விலை ஆதரவு, எனக்குப் பொதுப்பணி வேலை. ஸ்வீடன் மக்கள் அதை ‘மாட்டு வியாபாரம்’ என்று கேலியாகவே அழைத்தார்கள். 1938இல் சால்ட்ஸ்யோபாடனில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டபோது அந்தக் கேலி ஒரு மரபாகிவிட்டிருந்தது.

இதையெல்லாம் வடநாட்டாரின் நல்ல குணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டால் தவறு. 1935 ஜூலையில் பாசிசச் சாய்வு கொண்ட விவசாயிகள் இயக்கத்தின் பின்னால் சுமார் 40,000 பேர் திரண்டு கோபன்ஹேகனின் அமாலியன்போர்க் அரண்மனைக்குப் போனார்கள். டென்மார்க்கில் இருந்த ஜெர்மன் சிறுபான்மையினரில் பெரும்பகுதி நாஜிகளின் பின்னால் நின்றது. நலவாழ்வு அரசைக் கட்டிய அதே கைகள் இன மேம்பாட்டின் பெயரால் மலடாக்கல் சட்டங்களையும் எழுதின. டென்மார்க்கில் 1929இல், ஸ்வீடனில் 1934இல். ஜெர்மனியின் சுமைகளும் டென்மார்க்குக்கு இல்லை. போரில் தோற்ற அவமானம் இல்லை, இழப்பீடு இல்லை, அரசுக்குள் அரசாக நடந்துகொண்ட படை இல்லை.

இருந்தாலும் தேர்தல் முடிவு தெளிவானது. 1939இல் டேனிஷ் நாஜிக் கட்சி பெற்றது 1.8 சதவீதம். 1943 மார்ச்சில், நாடே ஜெர்மன் படையின் பிடியில் இருந்தபோது நடந்த தேர்தலில் பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தார்கள். நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.1 சதவீதம்.

அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஸிப்ளாட் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. உடைமை வர்க்கத்துக்கு, தேர்தலில் ஜெயித்துத் தன் நலனைக் காத்துக்கொள்ள வல்ல ஒரு கட்டுக்கோப்பான பழமைவாதக் கட்சி இருக்கும் நாட்டில் ஜனநாயகம் நிலைக்கிறது. அப்படிக் கட்சி இல்லாத இடத்தில் அந்த வர்க்கம் பின்வாசல் தேடுகிறது. டென்மார்க்கில் அந்த இடத்தில் நின்ற வென்ஸ்ட்ரே, தாராளவாதக் கட்சியானாலும், கூட்டுறவுப் பால்பண்ணைகளில் வேரூன்றிய கட்சி. பேரம் பேசவும் தெரியும், பேசியதைத் தன் விவசாயிகளிடம் விற்கவும் தெரியும். ஜெர்மன் பழமைவாதிகளின் கட்சி 1928க்குப் பின் பத்திரிகை அதிபர் ஹூகன்பர்க்கின் கையில் சிக்கி, உடைந்து, நாஜிகளோடு மேடை பகிர்ந்துகொண்டிருந்தது.

எண்கள் சொல்வது

ஒற்றை எடுத்துக்காட்டை வைத்து விதி வகுக்க முடியாது. ஃபுங்கே, ஷுலாரிக், ட்ரெபெஷ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1870 முதல் 2014 வரை 20 வளர்ந்த நாடுகளின் 800க்கும் மேற்பட்ட தேர்தல்களை ஆராய்ந்தார்கள். நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிகளின் வாக்கு சராசரியாக 30 சதவீதம் ஏறுகிறது. சாதாரணப் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு அப்படி ஏறுவதில்லை. வங்கியும் கடனும் உடையும்போது, தப்பு செய்தவன் ஒருவன், பணம் கட்டுகிறவன் இன்னொருவன் என்ற எண்ணம் மக்களிடம் வலுத்துவிடுவது இதற்கு ஒரு விளக்கம். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: இந்தக் கொந்தளிப்பு பத்தாண்டுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

கிரீஸ் அதற்கு நல்ல சான்று. 2008க்குப் பின் அந்நாட்டின் பொருளாதாரம் கால்பங்கு சுருங்கியது. 2009இல் 0.3 சதவீதம் வாங்கிய ‘பொன் விடியல்’ என்ற புதுநாஜிக் கட்சி, 2012 மேயில் 7 சதவீதத்தைத் தொட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. 2019இல் ஒரு இடமும் இல்லாமல் வெளியேறியது. 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அதைக் குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்தது. பொருளாதாரம் ஏறக்குறைய வைமார் அளவுக்கு அடிவாங்கிய நாட்டில் ஜனநாயகம் தப்பியது.

நெருக்கடி சர்வாதிகாரத்தை வளர்க்கிறது என்பதற்கு நேர் எதிரான சான்றுகளை 1997இன் ஆசிய நிதி நெருக்கடி தருகிறது. இந்தோனேசியாவில் 1998இல் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தின்படி மே மாதம் எரிபொருள் விலை ஏற்றப்பட்டது. கலவரம் மூண்டது, சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மே 21ஆம் தேதி, 32 ஆண்டு ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். மறு ஆண்டு அங்கே சுதந்திரமான தேர்தல். மலேசியாவிலோ, அதே நெருக்கடியில் பிரதமர் மகாதீர் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்த மறுநாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிமைப் பதவி நீக்கினார். அன்வார் சிறைக்குப் போனார்.

தென்கொரியா கான்ஸ்லர்கேட்டை நினைவூட்டும் வழியில் சென்றது. 1997 டிசம்பரில் நாணய நிதியத்தோடு கையெழுத்தான சில நாட்களில் நடந்த தேர்தலில், 1980இல் ராணுவ ஆட்சியால் மரண தண்டனை விதிக்கப்பட்ட கிம் டே-ஜங் அதிபரானார். 1998 பிப்ரவரியில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதின. ஆட்குறைப்பைச் சட்டபூர்வமாக்கச் சங்கங்கள் இசைந்தன. பதிலுக்கு ஆசிரியர் சங்கத்துக்கு அங்கீகாரம், வேலையின்மைக் காப்பீட்டின் விரிவாக்கம். பங்கீடு சமமாக இல்லை. சங்க உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, கையெழுத்திட்ட தலைமையையே இறக்கினார்கள். நிரந்தரமில்லாத வேலை அந்நாட்டின் தீராத நோவாயிற்று. ஆனால் தகராறு தெருவிலும் படைமுகாமிலும் அல்லாமல் மன்றத்திலேயே நடந்தது. 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்தெல்லாம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து 190 பேர் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். 2025 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

நொறுங்காமலேயே

ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. பேரம் முறிந்தால்தான் ஆபத்து என்றால், பொருளாதாரம் நன்றாக ஓடும் காலத்தில் எதேச்சாதிகாரம் வரக்கூடாதே? ஆடம் ஷெவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டோ லிமோங்கியும் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. 1975இன் அர்ஜென்டினாவைவிட அதிக தலைவருமானம் கொண்ட எந்த ஜனநாயகமும் அதுவரை வீழ்ந்ததில்லை. பணக்கார நாட்டில் தோற்றவனுக்கும் இழக்க நிறைய இருக்கிறது. ஆகவே அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கிறான்.

ஹங்கேரி இந்தத் தேற்றத்தை அசைத்துவிட்டது. 2008 நெருக்கடியில் அந்நாடு நாணய நிதியம், ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி மூன்றிடமும் சேர்த்து 2,000 கோடி யூரோ கடன் உறுதி பெற்றது. சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த குடும்பங்களின் தவணை, உள்நாட்டு நாணயம் விழ விழ ஏறிக்கொண்டே போனது. ஆண்ட சோஷலிஸ்டுகள் சிக்கன வெட்டுகளைச் செய்து மதிப்பிழந்தார்கள். 2010இல் விக்டோர் ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி 53 சதவீத வாக்கில் 386க்கு 263 இடங்களைப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அரசியல் சட்டத்தையே மாற்றலாம், 2011இல் மாற்றினார்கள். நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆகக் குறைக்கப்பட்டு, மூத்தவர்கள் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொகுதிகள் திருத்தி வரையப்பட்டன. 2014இல் 45 சதவீத வாக்குக்கே மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. 2018 நவம்பரில் அரசு ஆதரவு முதலாளிகள் தங்களிடம் இருந்த 400க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிவைத்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, கட்டடம் எரியவில்லை.

மூலதனம் என்ன செய்தது? ஓர்பான் வங்கிகள், தொலைத்தொடர்பு, சில்லறை வணிகம் மேல் சிறப்பு வரி போட்டார். தனியார் ஓய்வூதிய நிதிகளை அரசுக்கு மாற்றிக்கொண்டார். தொழிற்சாலை முதலீட்டை மட்டும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். 2017இல் நிறுவன வரி 9 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே குறைந்தது. 2018 டிசம்பரில் ஆண்டுக்கு 400 மணி நேரம் வரை மிகைநேர வேலை வாங்கவும், அதற்கான கணக்கை மூன்றாண்டு வரை தள்ளிப்போடவும் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் அதை ‘அடிமைச் சட்டம்’ என்றார்கள். க்யோரில் ஆடி, கெச்கெமேட்டில் மெர்சிடிஸ், டெப்ரெசெனில் பி.எம்.டபிள்யூ என ஜெர்மன் கார் ஆலைகள் அமைந்தன, விரிந்தன. முதலாளித்துவம் தகரவும் இல்லை, தடுமாறவும் இல்லை. சிலி இதை முன்பே காட்டியிருந்தது. 1973இன் ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் சிகாகோவில் படித்த பொருளியலாளர்கள் சந்தைச் சீர்திருத்தங்களைச் செய்தார்கள். தொழிற்சங்கம் வாய் திறக்கமுடியாத நாட்டில் நட்டக் கணக்கு தொழிலாளர் தலையில் சத்தமில்லாமல் எழுதப்பட்டது. 1988 பொதுவாக்கெடுப்பில் 56 சதவீதம் பேர், ராணுவ ஆட்சியாளர் பினோஷே வேண்டாம் என்றார்கள். சந்தைப் பொருளாதாரம் ஜனநாயகத்துக்குள்ளும் அப்படியே தொடர்ந்தது.

ஆக, நொறுங்குமா, எதேச்சாதிகாரமாகுமா என்ற இருமையில் முதல் பாதி வரலாற்றில் அபூர்வம். முதலாளித்துவம் மன்னராட்சியோடும் ராணுவ ஆட்சியோடும் ஒற்றைக்கட்சி ஆட்சியோடும் நாடாளுமன்றத்தோடும் குடும்பம் நடத்தியிருக்கிறது. இன்றைய எதேச்சாதிகாரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்வீடனைத் தளமாகக் கொண்ட வி-டெம் நிறுவனம் 2025 அறிக்கையில், எதேச்சாதிகார நாடுகள் 91, ஜனநாயகங்கள் 88 என்று கணக்கிட்டது. ஹங்கேரியையும் இந்தியாவையும் ‘தேர்தல் எதேச்சாதிகாரம்’ என்ற வகையில் வைத்தது. இத்தகைய அளவீடுகள் நிபுணர்களின் மதிப்பீட்டையே பெரிதும் சார்ந்தவை, ஆளுங்கட்சி தோற்கும் விகிதம் போன்ற புறச்சான்றுகள் அவ்வளவு பெரிய சரிவைக் காட்டவில்லை என்று ஆண்ட்ரூ லிட்டிலும் ஆன் மெங்கும் 2024இல் மறுத்தார்கள்.

உலக அளவுத் தொகுப்பைவிட, ஒரு நாட்டின் நட்டக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது அதிகம் சொல்லும். இலங்கை 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஜூலையில் மக்கள் எழுச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். அடுத்த அதிபராக ரணில் விக்கிரமசிங்க பதவியேற்ற மறுநாள் அதிகாலையில் கொழும்பின் காலிமுகத்திடல் போராட்ட முகாமைப் படையினர் தாக்கிக் கலைத்தனர். 2023 மார்ச் 9ஆம் தேதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், கருவூலத்தில் பணமில்லை என்று தள்ளிவைக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் தேதிதான் நடந்தது.

அதே 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பும் நடந்தது. அரசுப் பத்திரங்களை வைத்திருந்த வங்கிகள், ஏற்கெனவே அடிவாங்கியிருக்கின்றன என்ற காரணத்தால் பத்திரப் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. பழைய பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் குறைந்த வட்டிப் பத்திரத்தை ஏற்கவேண்டும்; மறுத்தால் 14 சதவீத வரி 30 ஆகும். அந்த நிதியில் சேர்ந்திருப்பது ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், கடைச் சிப்பந்திகள், மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் மாதச் சம்பளத்திலிருந்து பிடித்த பணம். அவர்களுடைய பிரதிநிதி யாரும் உட்கார்ந்து பேசிய மன்றத்தில் அந்த முடிவு எழுதப்படவில்லை. 2024 செப்டம்பரில் வாக்காளர்கள் பழைய இரு பெருங்கட்சி மரபுகளையும் ஒதுக்கிவிட்டு அநுர குமார திசாநாயக்கவை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய அரசும் நாணய நிதியத் திட்டத்தையே தொடர்ந்தது. மறுசீரமைக்கப்பட்ட வெளிநாட்டுக் கடனின் அசல் தவணைகள் 2028 முதல் கூடும்; அப்போது வெட்டு எந்தச் செலவில் விழும், வரி யார் மேல் ஏறும் என்பது இன்னும் பேசி முடிக்கப்படாத கணக்கு.